குடவோலையும் கூவத்தூரும்

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் மேற்கே ஒரு கோயில் சுவர். கிழக்கே ஒரு கடற்கரை விடுதி. சுவர் உத்திரமேரூரில் இருக்கிறது. விடுதி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கூவத்தூரில் இருக்கிறது. ஊராட்சிக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அந்தச் சுவரிலே கல்லில் வெட்டி வைத்தார்கள், கி.பி. 921-ஆம் ஆண்டில். எடுத்த ஆள் கைநழுவிப் போகாமல் காப்பது எப்படி என்று அந்த விடுதியிலே நடத்திக் காட்டினார்கள், 2017-ஆம் ஆண்டில். இடையிலே ஓடியவை 1096 ஆண்டுகள். ஆண்டுகள் ஓடின, கூடவே அறிவு வளர்ந்ததா, அல்லது அதுவும் ஓடிப்போய்விட்டதா? அதைத்தான் இன்று எண்ணிப் பார்க்க அழைக்கிறோம்.

மாவட்டத்துக் கோடுகள் மாறிவிட்டன. உத்திரமேரூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில்; கூவத்தூரும் மாமல்லபுரமும் 2019 நவம்பரில் தனியே பிரிந்த செங்கற்பட்டு மாவட்டத்தில். கோடு மாறினால் என்ன, கேள்வி மாறவில்லை. மக்கள் நம்பி அனுப்புகிற ஆள் யாருக்குச் சொந்தம்? அனுப்பிய மக்களுக்கா, அழைத்துக்கொண்டு போகிற கோஷ்டிக்கா?

கோஷ்டி பிறக்கும் இடம்

கோஷ்டி என்றதும் முகம் சுளிக்கிறோம். கட்சிக்குள்ளே பிரிவு வந்துவிட்டது என்றால், குடும்பத்துக்குள் கொள்ளிக்கட்டை வந்ததுபோலப் பதறுகிறோம். பதற்றம் புரிகிறது. ஆனால் பதறுவதால் கோஷ்டி மறைந்துவிடுமா?

தெருவிலே குழாய் ஒன்று. தண்ணீர் குறைந்தால் இரண்டு கட்சி. வீட்டிலே அண்ணன் தம்பி இருவர். பாகம் பிரிக்கும் நாள் வந்தால் இரண்டு கட்சி. ஆலையிலே போனஸ் பேச்சு எழுந்தால், நிரந்தரத் தொழிலாளி ஒரு பக்கம், ஒப்பந்தத் தொழிலாளி மறு பக்கம். கடலோரத்திலே கட்டுமரத்துக்காரர் ஒரு பக்கம், விசைப்படகுக்காரர் மறு பக்கம். நலன் வேறுபடும் இடத்தில் நாக்கு வேறுபடும். நாக்கு வேறுபடும் இடத்தில் அணி வேறுபடும். இது எவரோ செய்த சதியல்ல, மனித வாழ்வின் இயல்பு.

அமெரிக்க நாட்டு அரசியல் சட்டத்தை ஆக்கியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் மாடிசன். அவர் 1787 நவம்பர் 22-இல் நியூயார்க் நாளேடு ஒன்றிலே, புனைபெயரில், இந்தக் கோஷ்டி நோயைப் பற்றியே ஒரு கட்டுரை தீட்டினார். கோஷ்டியை வேரோடு ஒழிக்க இரண்டு வழிதான் உண்டு என்றார். ஒன்று, பேசும் உரிமையையே பறிப்பது. மற்றொன்று, எல்லோருக்கும் ஒரே எண்ணம், ஒரே நலன் என்று ஆக்குவது. முன்னது நோயைவிடக் கொடிய மருந்து. பின்னது நடவாத காரியம். சொத்து ஏற்றத்தாழ்வாகப் பிரிந்து கிடப்பதுதான் கோஷ்டிக்கு நிலையான வேர் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. ஆகவே வேரைப் பிடுங்க முயலாதே, விளைவை அடக்கு. நாடு பெரிதாக இருக்கட்டும், கோஷ்டிகள் பலவாக இருக்கட்டும், எந்த ஒன்றும் மற்றவற்றை விழுங்காதபடி ஆட்சியை அமை. இதுதான் அவர் தந்த வழி.

நல்ல வழிதான். ஆனால் அதைச் சொன்ன பெருமகனார் அடிமைகளை வைத்திருந்தவர். அதே 1787-இல் எழுதிய சட்டத்திலே, தொகுதிக் கணக்குக்கு மட்டும் அடிமைகள் ஐவரை மூவராக எண்ணினார்கள். அடிமைக்கு ஓட்டு மட்டும் கிடையாது! எண்ணிக்கைக்கு ஆள், எண்ணத்துக்கு ஆளல்ல. கோஷ்டிகளை அடக்கும் திட்டம் தீட்டியவர்கள், எந்தக் கோஷ்டியிலும் சேர இடமின்றி வெளியே நின்றவனைப் பற்றிக் கவலைப்படவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சுவருக்கு வருவோம்.

சுவர் சொல்லும் செய்தி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதல் பராந்தக சோழன் காலம். 919-இல் ஊர்ச் சபை ஒரு தேர்தல் விதி வகுத்தது. இரண்டே ஆண்டில், 921-இல், அதைத் திருத்தி, விரிவாக்கி, மறுபடி வெட்டியது. முதல் விதியில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. சட்டம் என்பது வானத்திலிருந்து விழுவதல்ல, பிழை கண்டால் திருத்துவது என்று அந்த ஊரார் அறிந்திருந்தார்கள்.

முறை என்ன? ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். சபை முழுதும், இளையோர் முதியோர் எல்லோரும், கூடியிருக்க வேண்டும். வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அந்தக் கட்டை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் தர வேண்டும். மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில்! விரலிடுக்கிலே வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா? அதற்காகத்தான். அவன் பெயரைப் படிக்க வேண்டும். கூடியிருக்கும் நம்பிமாரும் படிக்க வேண்டும்.

இப்படி முப்பது பேர். அவர்களில் பன்னிருவர் ஆண்டு வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாட்கள். குற்றம் செய்தவன் என்று கண்டால் அப்போதே நீக்கம். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவன் மீண்டும் வரக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் வரவே கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய உடன்பிறந்தான், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை மகன், அத்தை மகன் என்று உறவுப் பட்டியல் ஒன்றையே நீட்டி, அவர்களுக்கும் கதவை அடைத்தார்கள்.

ஏன் இத்தனை ஏற்பாடு? கோஷ்டி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். மனிதனை நல்லவனாக மாற்றிவிடலாம் என்று அவர்கள் கனவு காணவில்லை. மாமன் மச்சான் கூட்டம் ஒன்று ஏரியைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் வயலுக்கு மடை திறக்காது என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆகவே மூன்று பூட்டுப் போட்டார்கள். குலுக்கல், கூட்டம் சேர்ப்பவன் கையைக் கட்டியது. குறுகிய காலம், நாற்காலியில் ஒட்டிக்கொள்வதைத் தடுத்தது. கணக்கு, கொள்ளையைத் தடுத்தது.

குடத்துக்கு வெளியே

வியக்கலாம், வியக்கத்தான் வேண்டும். ஆனால் வியந்துவிட்டு அத்தோடு வாய் மூடுகிறவர்கள் பலர். மேடைதோறும் உத்திரமேரூர்! விழாதோறும் குடவோலை! மக்களாட்சியின் தாய்வீடே இதுதான் என்று மார்தட்டல்! நாம் ஒரு கேள்வி கேட்கிறோம்: அந்தக் குடத்துக்குள்ளே யார் பெயர் இருந்தது?

அந்தச் சுவரே பதில் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் சொந்த வீடு இருக்க வேண்டும். வேதப் பயிற்சி இருக்க வேண்டும். வேதமும் உரையும் ஓதிக் காட்டத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று நிலத்திலே சலுகை. ஊரோ, அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. ஏரிக்கரையில் மண் சுமந்தவன் பெயர் இல்லை. துணி வெளுத்தவன், பானை வனைந்தவன் பெயர் இல்லை. பெண்ணின் பெயர் இல்லவே இல்லை. ஏரி வாரியத்துக்கு அறுவரை எடுத்தார்கள்; ஏரியைத் தூர் எடுத்தவனை எடுக்கவில்லை.

மாடிசன் திட்டத்திலே அடிமை வெளியே. உத்திரமேரூர்க் குடத்திலே உழவன் வெளியே. கடல் கடந்தும் காலம் கடந்தும் கதை ஒன்றுதான். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளாதிருக்க அற்புதமான ஏற்பாடு. வெளியே இருப்பவன் உள்ளே வர ஒரு சாளரம்கூட இல்லை!

எனவே ஆட்சி அமைப்பைப் பார்க்கிறபோது மூன்று கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். குடத்துக்குள் யார் பெயர்? ஓலையை எடுப்பது யார்? எடுக்கப்பட்டவன் யாருக்குக் கணக்குக் காட்டுகிறான்? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உத்திரமேரூர் நல்ல விடை தந்தது. முதல் கேள்வியிலே தோற்றது. நாமோ, ஒரு நூற்றாண்டு போராடி முதல் கேள்வியிலே வென்றோம். மூன்றாவதிலே தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

கதவு திறந்த கதை

1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் 98. அவற்றில் 28, பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. நீதிக்கட்சி ஆட்சி ஏறியது. சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு என்ற நாளிலும், கதவு கொஞ்சம் திறந்தது.

1929 பிப்ரவரி 17, 18 நாட்களில், இதே செங்கற்பட்டில், சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமை. பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் வேண்டாம் என்றார்கள். பெண்ணுக்கும் சொத்துரிமை என்றார்கள். அது சட்டசபையல்ல, தீர்மானத்துக்குச் சட்டபலம் இல்லை. ஆனாலும் எவருடைய பெயர் குடத்தில் இல்லையோ, அவர்களுடைய பெயரை அந்தப் பந்தல் உரக்க வாசித்தது.

இந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் போனார். ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியை ஒடுக்கப்பட்டோரே பொறுக்கியெடுக்க வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வியின் கரு. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் வந்தது. இம்மாகாணத்தில் ஒதுக்கீட்டு இடம் 18 என்றிருந்தது 30 ஆனது. ஆனால் முடிவாகத் தேர்ந்தெடுப்பது பொது வாக்காளர் என்றானது. இடம் கூடியது, எடுக்கும் கை மாறியது. குடத்தில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எடுக்கும் கை யாருடையது என்பதும் முக்கியம் என்ற பாடம் அதில் உண்டு.

1952 தேர்தலோ, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று நடந்த முதல் தேர்தல். சேரியிலிருந்தும் ஓலை வந்தது, குப்பத்திலிருந்தும் வந்தது, அடுப்படியிலிருந்தும் வந்தது. ஆயிரம் ஆண்டு வெளியே நின்றவன் உள்ளே வந்தான்.

உள்ளே வந்த பிறகு

வந்த பிறகு நடந்தது என்ன? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த மூன்றே ஆண்டில், 1923 நவம்பரில், பனகல் அரசர் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர்களில் அதே கட்சியிலிருந்து பிரிந்தவர்களும் இருந்தார்கள். தீர்மானம் தோற்றது, பிளவு தோற்கவில்லை. 1932 நவம்பரில் முனுசாமி நாயுடு முதலமைச்சர் பதவியை இழந்தார், பொப்பிலி அரசர் அந்த இடத்துக்கு வந்தார். ஒரே கட்சிக்குள்ளே ஜமீன்தார் அணி வென்றது. ஒதுக்கீடு கதவைத் திறக்கும். உள்ளே நுழைந்தவர்களைச் சண்டை போடாமல் இருக்கச் செய்யாது. இரண்டும் வேறு வேறு வேலை.

1952-இல் சென்னைச் சட்டமன்றத்தின் இடங்கள் 375. காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. தேர்தலிலே நிற்காத இராஜகோபாலாச்சாரியார், ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்கு வந்து, முதலமைச்சரானார். ஆள் சேர்ப்பு தொடங்கியது. வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் செல்வாக்குப் பெற்றிருந்த காமன்வீல் கட்சி, ஆறு இடம் வென்றிருந்தது. அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார்.

இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும். அந்தக் கட்சி ஏன் பிறந்தது? பெரிய கட்சியின் வேட்பாளர் பட்டியலிலே தம் மக்களுக்கு இடமில்லை என்ற உண்மையான மனக்குறையிலே பிறந்தது. குடத்துக்கு வெளியே நின்றவர்கள் தாங்களே ஒரு குடம் செய்துகொண்டார்கள், அது குற்றமல்ல. ஒரு கட்சிக்கு எதிராக நின்று ஓட்டு வாங்கியவர்கள், அதே கட்சியின் ஆட்சியில் போய் அமர்ந்தபோது, ஓட்டுப் போட்டவனை ஒரு வார்த்தை கேட்டார்களா? அதுதான் கேள்வி. கோஷ்டி சேர்வதில் குற்றமில்லை. கேளாமல் விற்பதில்தான் குற்றம்.

பூட்டு மாறியது

1967-இல் அரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். நாடு சிரித்தது, பிறகு அழுதது. மாநிலம் மாநிலமாக ஆட்சிகள் கவிழ்ந்தன. 1985-இல், அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தமாக, கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சியைத் துறந்தாலும், கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும், உறுப்பினர் பதவி போகும்.

நோக்கம் நல்லது. விளைவு? மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது பிளவு, குற்றமல்ல என்று முதலில் ஒரு சந்து விட்டார்கள். 2003-இல் அந்தச் சந்தை அடைத்தார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியோடு இணைந்தால் குற்றமல்ல என்ற பெருவழியை விட்டுவைத்தார்கள். 2019 ஜூலையில் கோவாவில் காங்கிரஸ் உறுப்பினர் பதினைந்து பேரில் பத்துப் பேர் பாரதிய ஜனதாவில் இணைந்தார்கள். கணக்கு கச்சிதம்! ஒருவன் தாவினால் துரோகம். பத்துப் பேர் சேர்ந்து தாவினால் இணைப்பு! சில்லறை வாணிபத்துக்குத் தடை, மொத்த வாணிபத்துக்கு வரவேற்பு!

இன்னொரு விளைவும் உண்டு. எந்த மசோதாவானாலும் கொறடா கட்டளையிட்டால் கைதூக்க வேண்டும். தொகுதிக்குக் கேடு என்று உறுப்பினனுக்குத் தெரிந்தாலும் தூக்க வேண்டும். இங்கிலாந்திலே 2019 செப்டம்பரில் ஆளுங்கட்சியின் 21 உறுப்பினர்கள் தம் அரசை எதிர்த்து ஓட்டளித்தார்கள். கட்சி அவர்களை வெளியேற்றியது. ஆனால் மன்றத்து இடம் போகவில்லை. ஏனெனில் அந்த இடம் தொகுதி கொடுத்தது, கட்சி கொடுத்ததல்ல. இங்கோ, பேசும் வாயை வைத்துக்கொள்ளலாம். ஓட்டளிக்கும் கை மட்டும் அடகு.

கூவத்தூர்

இனிக் கடற்கரைக்கு வருவோம். 2016 டிசம்பர் 5-இல் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரி 5-இல் அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராக சசிகலா தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலமைச்சர் பன்னீர்செல்வம் பதவி விலகினார். இரண்டே நாளில், விலகச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள் என்றார் அவர். கட்சி இரண்டானது. பிப்ரவரி 8-இல் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பேருந்துகளில் கூவத்தூர் விடுதிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலாவின் தண்டனையை உறுதி செய்தது. பழனிசாமி தலைவரானார், 16-இல் பதவியேற்றார், 18-இல் 122-க்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். எதிர்க்கட்சியான தி.மு.க. உறுப்பினர்கள் அவைக் காவலர்களால் வெளியேற்றப்பட்ட பின் நடந்த வாக்கெடுப்பு அது.

எந்த அணி சரி, எந்த அணி தவறு என்று இங்கே வழக்காட வரவில்லை நாம். சொந்த விருப்பத்தோடு இருக்கிறோம் என்று அவர்கள் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால், ஓட்டுப் போட்ட ஊருக்குப் போக ஏன் தடங்கல்? தொகுதிக்குப் போய் மக்களைக் கேட்டுவிட்டு வரட்டும், பிறகு வாக்கெடுப்பு நடக்கட்டும் என்று எழுந்த கோரிக்கை ஏன் ஏற்கப்படவில்லை? உத்திரமேரூரிலே ஓலையை ஊர் பார்க்க எடுத்தார்கள். கூவத்தூரிலே ஓலைகளை ஊர் பார்க்காதபடி கட்டி வைத்தார்கள். அங்கே விரித்த உள்ளங்கை; இங்கே மூடிய கதவு!

பின்கதை இன்னும் கசப்பு. 2017 ஆகஸ்டில் இரண்டு அணி இணைந்தன. மூன்றாவது அணி முளைத்தது. முதலமைச்சருக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் 2017 செப்டம்பர் 18-இல் தகுதிநீக்கம் செய்தார். நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்த்து ஓட்டளித்த பதினொருவர் மீதோ, அந்தப் பேரவையின் ஆயுள் 2021-இல் முடியும்வரை தகுதிநீக்கம் வரவேயில்லை. கடிதம் கொடுத்தவனுக்குப் பதவி போயிற்று. எதிர்த்து ஓட்டளித்தவனுக்குப் பதவி நின்றது. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் கட்சிக்காரரே இருந்தால், தராசின் முள் எந்தப் பக்கம் சாயும் என்று யார் சொல்ல முடியும்?

அந்தப் பதினெட்டுத் தொகுதிகளில் ஒன்று திருப்போரூர். மாமல்லபுரம் அடங்கிய தொகுதி அது. உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு. அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல். மே 23-இல் முடிவு. இருபது மாதம்! உலகம் வந்து பார்க்கும் கடற்கரைக் கோயில் ஊருக்கு, உளி பிடிக்கும் சிற்பிக்கு, வலை பிடிக்கும் மீனவனுக்கு, சட்டமன்றத்தில் தன் தொகுதிக்கென்று ஓர் உறுப்பினன் இல்லை. கோஷ்டிகள் மோதின, மோதியவர்களுக்கு வக்கீல் இருந்தார்கள், விடுதி இருந்தது. நடுவிலே அடிபட்ட வாக்காளன் எந்தக் கோஷ்டியிலும் இல்லை. இழப்பு மட்டும் அவனுக்கு.

உள்ளாட்சியின் கதை அதைவிட மோசம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. வழக்கு ஒரு பக்கம், வார்டு வரையறை மறு பக்கம். ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைக் கைகாட்டியது, எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைக் கைகாட்டியது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் கிராமங்களில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். 360 நாளுக்கு ஒருமுறை குடம் தூக்கிய உத்திரமேரூர், ஐந்தாண்டுக்கு மேல் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாமல் தனி அலுவலர் கையில் கிடந்தது! பெருமை பேசிய மேடைகளில் இதைப் பேசியவர் எத்தனை பேர்?

செய்ய வேண்டியது

புலம்புவது நம் வேலையல்ல. வழி இருக்கிறது, சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்று: ஆட்சியின் உயிர் தொங்கும் ஓட்டுக்கு மட்டும் கொறடா உத்தரவு கட்டுப்படுத்தட்டும். மற்ற மசோதாக்களில் உறுப்பினன் தன் தொகுதியின் பக்கம் கைதூக்கட்டும். தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே, நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு தகுதிநீக்கத்தை நிறுத்தச் சொன்னது.

இரண்டு: தகுதிநீக்கத்தைத் தீர்க்கும் பொறுப்பு பேரவைத் தலைவரிடமிருந்து விலகட்டும். 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றமே, சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிவு வேண்டும் என்றும், தனி நடுவர் மன்றம் அமைப்பதை நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் கூறியது.

மூன்று: தொகுதி காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்பது சட்டம். வழக்கு நடந்தாலும், விரைந்து முடித்து வாக்காளனுக்கு ஆள் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும்.

இவை டெல்லியிலே ஆக வேண்டியவை. நான்காவது நம் கையில் இருக்கிறது, தோழர்களே! அதுதான் கட்சிக்குள் தேர்தல். கிளைச் செயலாளர் யார் என்பதைக் கிளை உறுப்பினர் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்களா, அல்லது ஒன்றியத்து வீட்டிலிருந்து பெயர் எழுதிய சீட்டு வருகிறதா? கூவத்தூர் ஒரே நாளில் முளைத்ததல்ல. கிளையிலே கேட்காமல் நியமனம், ஒன்றியத்திலே கேட்காமல் நியமனம், மாவட்டத்திலே கேட்காமல் நியமனம் என்று படிப்படியாக வந்தவன், சட்டமன்றத்துக்குப் போனதும் திடீரென்று மக்களைக் கேட்பானா? பேருந்து வந்தால் ஏறத்தான் செய்வான். ஏற்றிவிட்டவனைத்தான் அவனுக்குத் தெரியும், எடுத்தவனைத் தெரியாது.

நம் கட்சியிலும் இரண்டு கருத்து இருக்கும், இருக்கட்டும். இரண்டு அணியும் கிளைக் கூட்டத்திலே எழுந்து பேசட்டும். ஓட்டெடுப்பு நடக்கட்டும். தோற்ற அணி வீட்டுக்குப் போகாமல், அடுத்த கூட்டத்துக்கு வரட்டும். வென்ற அணி தோற்றவனை விரட்டாமல், அவனையே கணக்குப் பார்க்க அமர்த்தட்டும். கோஷ்டி என்ற நெருப்பை அடுப்புக்குள் வைத்தால் சோறு வேகும். கூரைமேல் வீசினால் வீடு வேகும். அடுப்பு கட்டுவதுதான் அரசியல் அமைப்பு.

அடுத்த கிளைக் கூட்டத்துக்குப் போகும்போது இந்த மூன்று கேள்வியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். யார் பெயர் உள்ளே இருக்கிறது? எடுப்பது யார்? கணக்கு யாருக்கு? கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். கோஷ்டிக்காரன் என்று முத்திரை குத்துவார்கள். கேட்டுவிட்டு அமருங்கள். கூடத்திலே இருக்கும் மற்றவர்களில் ஒருவர் எழுந்து, நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன் என்பார். மக்களாட்சி அந்த இரண்டாவது குரலில் தொடங்குகிறது.